அப்பாவுக்கு வந்தது காற்றா, மாரடைப்பா?

கோலாலம்பூர் செந்தூலில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அப்பா பினாங்கு பெருநிலத்தில், பிறையில் இருக்கிறார். வயது 61. லாரி ஓட்டி ஓய்ந்தவர், பத்து வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு), சிகரெட்டை விட்டு மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு தடவை, விடியற்காலை 5 மணிவாக்கில், நடு நெஞ்சில் எரிச்சல் மாதிரி ஒன்று வந்திருக்கிறது. கூடவே இடது தாடை கடுத்திருக்கிறது, பனியன் நனைய வேர்த்திருக்கிறது. இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டது. அப்பா “காற்றுதான்” என்கிறார். அம்மா இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்து, கோடாலித் தைலம் தடவிவிட்டிருக்கிறார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டதாம். தம்பி கேட்பது: “காற்றா மாரடைப்பா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?”

தம்பி, கண்டுபிடிக்க முடியாது. அதனால் இதற்கு மேல் படிக்காமல் முதலில் வீட்டுக்குப் போன் போடுங்கள். அப்பாவை இன்றைக்கே செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அடுத்த மாதக் கிளினிக் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இப்போது வலி இல்லையே என்றும் பார்க்க வேண்டாம். போவதற்குள் வலி திரும்ப வந்தால் அவசர எண் 999. சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் 32 வருடம் தாதியாக இருந்தவள். பாதிக்கு மேல் அவசரப் பிரிவிலும் இருதய வார்டிலும்தான். நம் ஆட்கள் “மிஸ்ஸி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் பெயரே எனக்கு மறந்துபோகும். அப்படிப்பட்ட நானே இந்தக் கேள்வியில் ஒருமுறை தோற்றிருக்கிறேன். என் அண்ணன் ஒரு ஞாயிறு மத்தியானம் போன் செய்தார். கோவிலில் அன்னதானம் சாப்பிட்டு வந்ததிலிருந்து நெஞ்சு கரிக்கிறது, ஒரு மாதிரி அடைக்கிறது என்றார். நான் அப்போது இருபது வருட அனுபவக்காரி. “கேஸ்ட்ரிக்காக இருக்கும் அண்ணே, மருந்து குடிச்சிட்டு கொஞ்சம் சாஞ்சு உட்காருங்க” என்றேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டேன். பரவாயில்லை என்றார். விடியற்காலை 3 மணிக்கு அண்ணி கூப்பிட்டார். அண்ணன் பிழைத்தார். ஆனால் இருதயத்தின் முன்பக்கத் தசை பெரும்பகுதி போய்விட்டது. அதற்கப்புறம் மாடிப்படி பத்து ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். வார்டில் அதே கதையோடு ஒருவர் வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் இ.சி.ஜி. ஒட்டியிருப்பேன். சொந்த அண்ணன், போனில், சிரித்துக்கொண்டே சொன்னதால் காற்று என்று நம்பிவிட்டேன்.

ஏன் கண்டுபிடிக்க முடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இருதயத்திலிருந்து வரும் வலியை நம் மூளை சரியாக இடம் குறிக்காது. விரலில் முள் குத்தினால் எந்த விரல் என்று தெரியும். இருதயம், உணவுக்குழாய், வயிற்றின் மேல்பகுதி ஆகியவற்றின் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே வழிகளில் போய்ச் சேருகின்றன. கை, தாடை, தோள்பட்டை நரம்புகளும் அங்கேயே பக்கத்தில்தான் நுழைகின்றன. அதனால் இருதயத்தில் நடப்பது தாடையில் கடுப்பாகவும், கையில் குடைச்சலாகவும், நடுமுதுகில் இறுக்கமாகவும், தொப்புளுக்கு மேலே எரிச்சலாகவும் தெரியலாம். இருதயத்தின் அடிப்பக்கத் தசைக்கு ரத்தம் அடைபட்டால் குமட்டல், வாந்தி, விக்கல் என்று முழுக்க வயிற்றுக் கோளாறு வேஷத்தில் வரும். பல் வலி என்று பல் டாக்டரிடம் போய் வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

“ஏப்பம் வந்தது, சரியாகிவிட்டது” என்பதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஏப்பம் வரும். ஈனோ குடித்தால் யாருக்கும்தான் ஏப்பம் வரும், அது சோடா செய்கிற வேலை. ஏப்பம் வருவதும் வலி தானாக அடங்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால், ஏப்பத்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

தானாக ஏன் அடங்குகிறது? இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்புத் திட்டு படிந்திருக்கும். ஒருநாள் அதன் மேல்தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தைக் காயம் என்று நினைத்து உடம்பு அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்தக் கட்டி சில நேரம் குழாயை முக்கால்வாசி அடைத்து, கொஞ்சம் கரைந்து, வழி விடும். அப்போது வலி போய்விடும். பிறகு மறுபடி உறையும். உங்கள் அப்பாவுக்குப் போன வாரம் இரண்டு தடவை நடந்தது இதுவாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ வந்து, போய், திரும்ப வரும் நெஞ்சு அடைப்பை மருத்துவர்கள் மாரடைப்பின் வாசற்படியாகத்தான் நடத்துவார்கள். வார்டில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். முழுதாக அடைத்துவிட்டால் கணக்கு வேறு. அரை மணி நேரத்துக்குள் தசை சாக ஆரம்பித்துவிடும். மணிக்கணக்கில் அது பரவும். செத்த இருதயத் தசை திரும்ப முளைக்காது.

விடியற்காலை என்று நீங்கள் எழுதியதையும் கவனித்தேன். உடம்பு எழும்பத் தயாராகும் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் உறையும் தன்மையும் கூடும். விடியலிலிருந்து மத்தியானம் வரைதான் மாரடைப்புகள் அதிகம் வருகின்றன என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம்.

நம் ஆட்கள் மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று விழுவது என்று நினைக்கிறார்கள். சினிமா செய்த வேலை அது. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தாமாக நடந்து வருவார்கள். பேசுவார்கள். வலி என்ற சொல்லையே சொல்ல மாட்டார்கள். “வலி இருக்கா?” என்று கேட்டால் “வலி இல்ல மிஸ்ஸி, ஒரு மாதிரி அடைக்குது” என்பார்கள். கல்லை வைத்த மாதிரி, பெல்ட் போட்டு இறுக்கின மாதிரி, ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி, உள்ளே எரிகிற மாதிரி. சொல்லும்போதே கையை மூடி நெஞ்சு நடுவில் வைப்பார்கள். ஒரே விரலால் “இதோ இந்த இடம்” என்று தொட்டுக் காட்டினால் தசைப்பிடிப்பாக இருக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனால் அதையும் வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எனக்குப் பெரிய அறிகுறி வியர்வை. வெயிலில்லை, வேலை செய்யவில்லை, காற்றாடி ஓடுகிறது, ஆனால் நெற்றியும் கழுத்தும் ஜில்லென்று நனைந்திருக்கிறது. முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவின் பனியன் நனைந்தது என்ற ஒரு வரிக்காகவே நான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இனிப்புநீர்க்காரர்கள் விஷயத்தில் இன்னொரு தொல்லை. வருடக்கணக்கில் சர்க்கரை கூடி இருந்தால் காலில் உணர்ச்சி மரத்துப்போவது நமக்குத் தெரியும். அதே நரம்புச் சேதம் இருதயத்திலும் நடக்கும். மணி அடிக்க வேண்டிய கம்பியே அறுந்துபோகிறது. அவர்களுக்கு மாரடைப்பு வெறும் மூச்சு வாங்கலாக, திடீர்ச் சோர்வாக, தலைச்சுற்றலாக வரும். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டுக்கு மேல். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு விசேஷத்தில் ஒரு பந்தியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மலேசிய இருதயப் பதிவேட்டிலும் மாரடைப்போடு வருகிறவர்களின் சராசரி வயது 60-க்குக் கீழேதான் இருக்கிறது. “இன்னும் வயசாகலையே” என்பது இங்கே செல்லாது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேள்வி அப்பாவைப் பற்றியதாக இருந்தாலும். அவர்களுக்கும் நெஞ்சு அடைப்புதான் அதிகம் வரும். ஆனால் அதோடு முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி எல்லாம் சேர்ந்து வருவதால் கதை குழம்பிப்போகும். அவர்களும் அதைக் குழப்பித்தான் சொல்வார்கள். ஒரு அம்மா இரண்டு நாள் சட்டி பானை கழுவக்கூட முடியாத அசதியோடு இருந்துவிட்டு, பேரனை பள்ளியில் விட்டுவிட்டு, மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வந்தார். “எல்லாருக்கும் சாப்பாடு ஆயிடுச்சு, அதான் வந்தேன்” என்றார். இ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மாரடைப்புக்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்கும் இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு நாம் பெரும்பாலும் பேரே வைப்பதில்லை. நடந்தால் அடைக்கும், நின்றால் போய்விடும். 1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இதைத்தான் விவரித்தார். நடக்கும்போது, முக்கியமாக மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால், நெஞ்சில் வந்து, நின்ற உடனே மறைகிற ஒன்று. 250 வருடத்துக்கு மேல் ஆகியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை. நமக்கு இதற்குப் பத்துமலையின் 272 படியும் பினாங்கு தண்ணீர்மலையின் 513 படியும் இருக்கின்றன. போன தைப்பூசத்தில் நிற்காமல் ஏறியவர் இந்தத் தைப்பூசத்தில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவினால், “வயசாகுது” என்று சிரித்துவிட்டு லட்டுக்கு வரிசையில் நிற்கக் கூடாது. அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். அதே அடைப்பு முன்பைவிடக் குறைந்த நடையிலேயே வருகிறது, அடிக்கடி வருகிறது, சும்மா இருக்கும்போதே வருகிறது என்றால் வாரம் கூட இல்லை, அன்றைக்கே. உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். பாசாருக்கு நடந்து போவதைச் சமீபத்தில் நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் போக ஆரம்பித்திருக்கிறாரா? மனிதர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். வலி வராத மாதிரி வாழ்க்கையை மாற்றிக்கொள்வார்கள்.

சரி, வலி வந்துவிட்டது. என்ன செய்வது?

செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். சாய்ந்து, முட்டியை மடக்கி, தரையிலோ சோபாவிலோ. படுக்க வைத்துத் தைலம் தேய்க்க வேண்டாம். சுடுதண்ணீர், இஞ்சி, மைலோ எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் தொல்லை. 999-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் என்று சொல்லி, முதல் வாக்கியத்திலேயே மலாயில் “சாக்கிட் டாடா”, நெஞ்சு வலி, என்று சொல்லுங்கள். வேர்த்தால் “பெலுஹ் செஜுக்”, மூச்சு முட்டினால் “செசாக் நாஃபாஸ்”. வயது, இடம், பக்கத்தில் இருக்கும் கோவில் அல்லது பள்ளி. தாமானில் ஒருவர் வெளியே வந்து ரோட்டில் நிற்கட்டும். ஃபிளாட்டில் லிஃப்ட் ஓடவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். நான்கு மாடி நடந்து இறங்க வைக்காதீர்கள், அந்த இறக்கத்திலேயே போனவர்கள் உண்டு.

ஆம்புலன்ஸ் வர நேரமாகுமே என்பீர்கள். அது உண்மைதான், சில இடங்களில் ஆகும். ஆனாலும் அழையுங்கள். மாரடைப்பின் முதல் ஒரு மணி நேரத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தசைச் சேதம் இல்லை, இருதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுபோவது. ஆம்புலன்ஸில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கும், உங்கள் மைவி காரில் இருக்காது. அழைத்துப் பேசியபின் அவர்களே நேரமாகும் என்றால், வண்டியில் போங்கள். ஓட்டுவது வேறு ஆளாக இருக்க வேண்டும், பின்னால் ஒருவர் கூட உட்கார வேண்டும். நோயாளியே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. லாரிக்காரர்கள் இதைத்தான் செய்வார்கள்: “நானே ஓட்டிட்டுப் போயிடுறேன்.” நடுவழியில் மயங்கினால் அவர் மட்டும் போகமாட்டார்.

எங்கே போவது? பக்கத்தில் 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு. பெரிய பேர் இருக்கும் இடத்துக்கு அல்ல. பிறையிலிருந்து பாலம் ஏறித் தீவுக்கு ஓட வேண்டியதில்லை. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், வேலை விடும் நேரத்தில் அதன் நடுவில் மாட்டினால் ஒன்றும் செய்ய முடியாது. கிள்ளானிலிருந்து “ஐ.ஜே.என்.-க்கே போயிடலாம்” என்று, கோலாலம்பூரில் இருக்கும் தேசிய இருதய மருத்துவமனைக்குக் கிளம்பி, ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்ற குடும்பமும் எனக்குத் தெரியும். எந்த அவசரப் பிரிவிலும் இ.சி.ஜி. உண்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து தர முடியும். அடைபட்ட குழாயைப் பலூன் வைத்துத் திறக்க வேண்டும் என்றால் அவர்களே ஏற்பாடு செய்து அனுப்புவார்கள். முதலில் கிளினிக்கில் போய் வரிசையில் நிற்பதும் இதே மாதிரி நேரத்தைத் தின்னும். டாக்டர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் அங்கிருந்து மறுபடி நீங்கள் மருத்துவமனைக்குத்தான் போகப் போகிறீர்கள். நடுவில் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

ஆஸ்பிரின் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 300 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். மென்றால்தான் சீக்கிரம் வேலை செய்யும். நம் வீடுகளில் இருக்கும் கார்டிப்ரின் 100 என்றால் மூன்று மாத்திரை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், குடல்புண்ணில் ரத்தம் போனவர், டாக்டர் வேண்டாம் என்று சொன்னவர் எடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 999-இல் பேசும்போதே கேட்டுவிடுங்கள். பனடோல் ஆஸ்பிரின் இல்லை, அதைக் கொடுத்துவிட்டு மருந்து கொடுத்தாயிற்று என்று உட்காராதீர்கள். தாமதமாகும் என்றால் மாத்திரை தேடுவதைவிடக் கிளம்புவது முக்கியம்.

ஏற்கெனவே இருதய நோயாளி என்றால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு எச்சரிக்கை, இதை ஆண்களிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். வயாகரா வகை மாத்திரை எடுத்த 24 மணி நேரத்துக்குள், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நாக்கடி மாத்திரை வைத்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். “நான் அதெல்லாம் எடுக்கறதில்ல” என்பார்கள். ஆனால் “ஆண்களுக்கான காப்பி” பாக்கெட் குடித்திருப்பார்கள். தொங்காட் அலி, ஜின்செங் என்று மேலே எழுதி, உள்ளே சொல்லாமல் சில்டெனாஃபிலும் தடாலாஃபிலும் கலந்த காப்பிகளைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. அவசரப் பிரிவில் மிஸ்ஸி கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் “தனியாக இருந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம்” என்பதை அழித்துவிடுங்கள். இருமுகிற நேரத்தில் போன் எடுத்து 999 அடிக்கலாம், கதவைத் திறந்து வைக்கலாம். ஆள் மயங்கி, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் அப்போது வேலை உங்களுடையது: நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போகுமளவு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 999-இல் இருப்பவரே போனில் சொல்லிக் கொடுப்பார். விலா எலும்பு முறியுமோ என்று பயப்பட வேண்டாம், எலும்பு ஒட்டிக்கொள்ளும்.

இனி மருத்துவமனைக் கவுண்டர். நான் அதிகம் பல்லைக் கடித்தது இங்கேதான். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சை என்றால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். வாசலில் “என்ன செய்யுது?” என்று கேட்கும்போது நம் ஆள் என்ன சொல்வார்? “கேஸ்ட்ரிக் மிஸ்ஸி, கொஞ்சம் காற்று, பிள்ளைங்கதான் பயந்து கூட்டிட்டு வந்துட்டாங்க.” தன் வாயாலேயே தன்னைப் பச்சையில் உட்கார வைத்துக்கொள்வார். நோய்க்குப் பேர் வைத்துக்கொண்டு போகாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். “நடு நெஞ்சு அடைத்தது, தாடை வரை வந்தது, வேர்த்தது, இனிப்புநீர் இருக்கிறது.” அப்பா பேச ஆரம்பித்தால் அம்மாவையோ கூடப் போகிறவரையோ முந்திக்கொள்ளச் சொல்லுங்கள். நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்கவில்லை என்றால் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நம் ஆட்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் செருப்பைத் தேடுவார்கள். வலி இல்லாத நேரத்தில் எடுத்தால் தாள் சுத்தமாக இருக்கலாம். செத்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற பொருளும் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் ரத்தத்தை ஒருமுறை எடுத்துவிட்டு, மறுபடி எடுக்க உட்கார வைக்கிறார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களை இரவில் திரும்பப் பார்த்திருக்கிறேன். மாரடைப்பு உறுதியானால் அங்கே கடிகாரம் வேறு வேகத்தில் ஓடும். கட்டி கரைக்கும் ஊசி என்றால் வந்த அரை மணி நேரத்துக்குள், பலூன் என்றால் 90 நிமிடத்துக்குள் என்பது குறி. மருத்துவமனைக்குள் நிமிடத்தை எண்ணுகிறார்கள். வீட்டில்தான் நாம் மணியைத் தொலைக்கிறோம்.

சோதித்துவிட்டு “கேஸ்ட்ரிக்தான், போகலாம்” என்று அனுப்பினால்? அதுதான் அப்பா பயப்படுவது என்று நினைக்கிறேன். உயிர் பயத்தைவிட மானப் பயம். “ஒண்ணுமில்லாததுக்கு எல்லாரையும் அலைய விட்டுட்டேனே.” நான் வேலை பார்த்த காலத்தில் நெஞ்சு வலி என்று வந்து ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் உள்ளே போய்க் கேலி செய்ததில்லை. குடிமகனுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு தே தாரிக்குக் கூட அது வராது.

அப்பாவிடம் பேசும்போது மாரடைப்பு என்ற சொல்லை எடுக்காதீர்கள். எடுத்தால் “போடா, எனக்கா?” என்று ஆரம்பித்துவிடுவார். “ஒரு இ.சி.ஜி. எடுத்துட்டு வந்துடலாம்பா, அம்மா தூங்க மாட்டேங்குறாங்க” என்று சொல்லுங்கள். தனக்காக வராத மனிதர் அம்மாவுக்காக வருவார். அதற்கும் அசையவில்லை என்றால், அவர் பேச்சைக் கேட்கும் ஒரு சிநேகிதர் இருப்பார், மாமா ஒருவர் இருப்பார், அவரை அனுப்புங்கள். நீங்கள் செந்தூலிலிருந்து நாளைக்குப் போய்க் கூட்டிப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

இந்தத் தடவை தப்பிவிட்டால், அப்புறம் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க நேரம் இருக்கிறது. உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அது உங்கள் கணக்கிலும் ஏறும். உங்கள் அப்பாவுக்கு 61 என்றாலும், பெரியப்பா சித்தப்பாமார் எந்த வயதில் போனார்கள் என்று கேட்டு வைப்பது நல்லது. 40 தாண்டியதும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசின் பெகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, வருமானம் அதற்குள் வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு அம்மாவிடம் ஒரு பையைத் தயார் செய்யச் சொல்லுங்கள். அடையாள அட்டை, சாப்பிடும் மருந்துகள் அட்டையோடு அப்படியே, கிளினிக் புத்தகம், அப்பாவின் கண்ணாடி. ஒரு தாளில் போன வாரம் வந்த இரண்டு தடவையையும் எழுதட்டும்: எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு விட்டது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். அவசரப் பிரிவில் அவர்கள் முதலில் கேட்பது “எப்போ ஆரம்பிச்சுது?” என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.